பற்பசையில் மருந்து, கிணற்றில் நஞ்சா?

நாளைக் காலை பல் துலக்கும்போது பற்பசைக் குழாயைச் சற்றுத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் 'ஃப்ளோரைடு' என்ற சொல் அதில் இருக்கும். இங்கே மிச்சிகனில் பல நகரங்களில் குழாய்த் தண்ணீரிலும் அதை அளந்து கலக்கிறார்கள். நான் பிறந்த ஊரிலோ, அதே பொருளைத் தண்ணீரிலிருந்து நீக்குவதற்கு ஜனங்கள் காசு கொடுக்கிறார்கள். ஒரே பொருள் ஓர் ஊரில் மருந்தாகவும் இன்னோர் ஊரில் நஞ்சாகவும் இருப்பது எப்படி? விஞ்ஞான ஆர்வத்தால் நான் இதைத் தேடிப் படிக்கவில்லை. என் மகனின் பல் படிக்க வைத்தது.

அவனுக்கு ஏழு வயதில் மேல் வரிசை முன்பற்கள் இரண்டும் விழுந்து புதிதாக முளைத்தன. சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல் அவற்றில் வெள்ளைத் திட்டுகள்; ஓரத்தில் இளம் பழுப்பு. பல் மருத்துவரான அமெரிக்கப் பெண்மணி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில் இவன் எங்கே வளர்ந்தான்? எந்தத் தண்ணீர் குடித்தான்?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இரண்டு வருடமும் அவன் ராமகுப்பத்தில் என் அம்மாவிடம் இருந்தான். நான் படிப்பை முடிக்க வேண்டியிருந்தது, கணவருக்கு இரவுப் பணி, குழந்தைக் காப்பகத்தின் கட்டணமோ எங்கள் வருமானத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. நம்மில் பல குடும்பங்கள் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம்: பாட்டி வீட்டுக்கு அனுப்பினோம்.

மருத்துவர் அடுத்து என்னைப் பார்த்து, "கொஞ்சம் சிரியுங்கள்" என்றார். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வது என் பழக்கம். அன்று மறைக்க முடியவில்லை.

ராமகுப்பம் என்றால் பலருக்குத் தெரியாது. ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம், தமிழ்நாட்டையும் கர்நாடகத்தையும் தொட்டுக்கொண்டிருக்கும் மூலையில், குப்பத்துக்குப் பக்கத்தில் உள்ளது. மேற்கே போனால் கோலார் தங்கவயல், மலையிறங்கினால் வாணியம்பாடி. எங்கள் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, சந்தையில் இரண்டும் கலந்து. பாலாறு நந்திமலையில் பிறந்து, எங்கள் வட்டாரத்தின் வழியாக 33 கிலோமீட்டர் கடந்து தமிழகத்துக்குள் நுழைகிறது. ஆறு என்று பெயர்தான். வருடத்தில் பெரும்பாலும் மணல். ஆகவே நாங்கள் குடிப்பதெல்லாம் நிலத்தடி நீர்.

என் பெரியம்மா காலத்தில் படிக்கட்டுக் கிணறும் ஏரித் தண்ணீரும். நான் பிறக்கும் சமயத்தில் தெருமுனைக்குக் கைப்பம்பு வந்துவிட்டது. பெரியம்மாவுக்குப் பல் வெள்ளை, எனக்குப் பழுப்பு. ஐந்தாம் வகுப்பில் ஓர் ஆசிரியை என்னை எழுப்பி நிறுத்தி, "இந்த வயசுலயே வெத்தலை பாக்கா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று மாலை செங்கல் பொடியால் ஈறில் ரத்தம் வரும்வரை தேய்த்தேன். பிறகு அடுப்புக்கரி, அப்புறம் உப்பு. கறை போகவேயில்லை, போகவும் போகாது. அது பல்லின் மேல் படிந்த அழுக்கல்ல, பல் உருவாகும்போதே உள்ளே அமைந்துவிட்ட குறை என்பது முப்பது வயதுக்கு மேல்தான் எனக்குத் தெரிந்தது.

கைப்பம்பைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கட்டுக் கிணற்றில் கால் வைத்து இறங்கி நீர் மொண்ட காலத்தில் வாந்திபேதியும் நரம்புச் சிலந்தி நோயும் இந்திய கிராமங்களை வாட்டின. நரம்புச் சிலந்தியை இந்தியா அடியோடு ஒழித்ததற்கு (கடைசி நோயாளி 1996-இல்) ஆழ்குழாய்க் கிணறுகளும் ஒரு காரணம். ஆனால் ஆழத்தில் பாறை இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாறை கிரானைட், நைஸ் வகையைச் சேர்ந்தது. இவற்றிலுள்ள சில கனிமங்களில் ஃப்ளோரின் உண்டு. மழைநீர் விரிசல்களில் இறங்கி வருடக்கணக்கில் பாறையோடு கிடந்தால் ஃப்ளோரைடு மெல்லக் கரைகிறது. நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாகக் கரையும். மழை பொய்த்து, போர் ஆழமாகப் போகப் போகப் பழைய நீர்தான் மேலே வரும். இது எல்லைக்கோடு பார்ப்பதில்லை. சித்தூர், கோலார், கிருஷ்ணகிரி, தருமபுரி என்று மூன்று மாநில மாவட்டங்களும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் ஃப்ளோரைடு பட்டியலில் உள்ளன. ஆனால் ஒரே ஊரில் ஒரு கிணறு நல்லதாகவும் அடுத்த தெருக் கிணறு கெட்டதாகவும் இருப்பதுண்டு.

இந்தக் கறையின் ரகசியத்தை முதலில் துருவியவர் ஓர் அமெரிக்கப் பல் மருத்துவர். ஃபிரெடெரிக் மெக்கே என்ற அந்த இளைஞர் 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குத் தொழில் செய்ய வந்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்களின் பற்கள் பழுப்பாக இருந்தன. பெரியவர்களாகிக் குடியேறியவர்களின் பற்கள் அப்படியில்லை. தண்ணீரில் ஏதோ இருக்கிறது என்று அவர் ஊகித்தார். அது என்னவென்று தெரிய முப்பது ஆண்டுகள் ஆயின. 1931-இல் ஒரு பெரிய அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணரான சர்ச்சில், ஆர்கன்சா மாநிலத்தில் பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்து ஃப்ளோரைடைக் கண்டார். வேடிக்கை என்னவென்றால், கறை படிந்த அந்தப் பற்களில் சொத்தை குறைவு என்பதையும் மெக்கே கவனித்திருந்தார். கறை விழாமல், சொத்தையும் வராமல் ஓர் அளவு இருக்குமா என்று தேடியதில், லிட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிகிராம் என்று முடிவாயிற்று. 1945 ஜனவரி 25 அன்று உலகிலேயே முதலாவதாக நமது மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் குடிநீரில் ஃப்ளோரைடைக் கலந்தது. அதன்பின் பிறந்த பிள்ளைகளிடம் சொத்தைப்பல் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

இங்கே அவர்கள் இப்படி ஆராய்ந்துகொண்டிருந்தபோது, நம் பக்கத்தில் 1937-இல் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவரது சகாக்களும் சென்னை மாகாணத்தில் வேறொன்றைக் கண்டு எழுதினார்கள். நெல்லூர் மாவட்டக் கிராமங்களில் பல் கறையோடு நிற்கவில்லை. நடுவயதிலேயே முதுகு வளையாமல், கழுத்து திரும்பாமல் மனிதர்கள் கட்டைபோல் இறுகிப்போயிருந்தார்கள். எலும்பையே ஃப்ளோரைடு பாதித்திருந்தது. சித்தூரும் அப்போது அதே மாகாணம்தான். அந்தக் கட்டுரை வெளிவந்து இத்தனை காலம் கழித்தும், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முதுகு பிடிப்பை 'வாயு' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியவில்லை.

சரி, மருந்து எப்படி நஞ்சாகிறது? முளைத்துவிட்ட பல்லின் மேற்பரப்பில் சிறிதளவு ஃப்ளோரைடு பட்டால், எனாமல் உறுதிப்பட்டுப் புளிப்பை எதிர்த்து நிற்கும். பற்பசை செய்யும் வேலை இதுவே. ஆனால் பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில் ஃப்ளோரைடு அதிகமாக வயிற்றுக்குள் போனால், எனாமலைக் கட்டும் செல்களின் வேலை கெடும். குழந்தையின் நிரந்தரப் பற்கள் பிறந்தது முதல் எட்டு வயது வரை இப்படி உள்ளே தயாராகின்றன. அதிலும் மேல் முன்பற்களுக்கு ஆபத்தான காலம் சுமார் 15 மாதத்திலிருந்து 30 மாதம் வரை. அமெரிக்க மருத்துவர் வயதைக் குறிப்பிட்டுக் கேட்டதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? எட்டு வயதுக்குப் பின் அந்த நீரைக் குடித்தால் பல்லில் புதிய கறை வராது. எலும்புக்கு மட்டும் எந்த வயதிலும் ஆபத்து உண்டு.

அளவு என்பது லிட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதோடு முடிந்துவிடுவதில்லை. எத்தனை லிட்டர் குடிக்கிறோம்? சித்திரை வெயிலில் வேர்க்கடலைக் கொல்லையில் நிற்பவர் குடிக்கும் தண்ணீரை, மிச்சிகன் பனியில் இருப்பவர் குடிப்பாரா? அமெரிக்காவே 1962-இல் வெப்பத்துக்கேற்ப 0.7 முதல் 1.2 மில்லிகிராம் என்று வைத்திருந்து, 2015-இல் எல்லா இடத்துக்கும் 0.7 என்று குறைத்தது. (கலக்கவே வேண்டாம் என்று யூட்டா, ஃபுளோரிடா மாநிலங்கள் 2025-இல் சட்டம் இயற்றின. அந்த வாதம் வேறு. அதற்கு ஒரு தனிக் கட்டுரை வேண்டும்.) இந்தியத் தர நிர்ணயம் 1.0, வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை. நம் வீட்டில் களி கிண்டுவதும், சோறு வடிப்பதும், குழம்பு கொதிப்பதும் அதே தண்ணீரில். டீத்தூளிலும் ஃப்ளோரைடு இயற்கையாகவே உண்டு.

அன்றிரவே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சுற்றி வளைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "நான் நல்லாக் காய்ச்சி, ஆறவெச்சு, வடிகட்டித்தானேம்மா கொழந்தைக்குக் குடுத்தேன்" என்றார். அதற்கு என்ன பதில் சொல்ல? காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. ஆவியாகிக் குறையக் குறைய, மீதி நீரில் அது சற்றுக் கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டினாலும், பீங்கான் உருளை வைத்த பழைய ஃபில்டரில் ஊற்றினாலும் அது நிற்காது. நிறமில்லை, மணமில்லை, ருசியும் கெடுவதில்லை. என் அம்மா செய்தது எல்லாம் ஒரு நல்ல பாட்டி செய்யக்கூடியது. தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டிய படித்த மகள் சொல்லவில்லை.

ஆகவே ஊரில் குழந்தையை விட்டுவரப் போகிறவர்களுக்கும், பெற்றோர் அங்கே போர்த் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் என் அனுபவத்தில் சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். ஆந்திரத்தில் ஊரக நீர் வழங்கல் துறைக்கும், தமிழ்நாட்டில் குடிநீர் வடிகால் வாரியத்துக்கும் மாவட்ட அளவில் ஆய்வுக்கூடங்கள் உள்ளன; குறைந்த கட்டணம்தான். சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் பேனா போன்ற ஒன்றை நீரில் விட்டு, "டி.டி.எஸ். கம்மிதான், பயமில்லை" என்பார். அந்தக் கருவி நீரில் கரைந்துள்ள மொத்த உப்பைக் காட்டுமே தவிர, ஃப்ளோரைடைத் தனியாகக் காட்டாது. எங்களிடமும் ஒருவர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார். பிறகு சோதித்ததில் அளவு மீறியிருந்தது.

நீக்குவதற்கு வீட்டில் ஆர்.ஓ. கருவி உதவும், சவ்வை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், கழிவு நீரும் நிறையப் போகும். நாகபுரி நீரி ஆய்வகம் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் 'நல்கொண்டா முறை'யை உருவாக்கியது. மலிவுதான், ஆனால் அளவு தவறினால் அலுமினியம் நீரில் தங்கிவிடும். ஆகவே கைக்குத் தோன்றியபடி படிகாரத்தைப் போடாதீர்கள். ஓட்டு வீட்டிலும் தளத்திலும் விழும் மழையைச் சுத்தமாகப் பிடித்து மூடிவைத்தால், குழந்தைக்கு அதைவிட நல்ல நீரில்லை. அதையாவது காய்ச்சுங்கள், பலன் உண்டு!

உணவில் பாலும் கேழ்வரகும் நல்லவை. சுண்ணாம்புச் சத்து இருந்தால் குடல் ஃப்ளோரைடைக் குறைவாக உறிஞ்சும். இன்னொரு சுவையான செய்தி: ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிச் சிறுவர்களுக்குத் தினமும் 10 கிராம் புளி கொடுத்தபோது சிறுநீரில் ஃப்ளோரைடு கூடுதலாக வெளியேறியது. எங்கள் சித்தூர்ப் புளிக்கு இப்படியும் ஒரு குணம்! அதற்காகப் புளிக்குழம்பை மருந்தென்று எண்ணிச் சோதனையை விட்டுவிடக் கூடாது. பற்பசை விஷயத்தில், மூன்று வயதுக்குள் அரிசி மணியளவு, ஆறு வயது வரை பட்டாணியளவு; விழுங்காமல் துப்பக் கற்றுக்கொடுங்கள். விளம்பரத்தில் வருவதுபோல் தூரிகை நிறையப் பிதுக்குவது கம்பெனிக்குத்தான் லாபம்.

பெரியவர்களுக்கு எளிய பரிசோதனை மூன்று உண்டு. முழங்காலை மடக்காமல் குனிந்து கால்விரலைத் தொட முடிகிறதா? முகவாய் மார்பைத் தொடுகிறதா? கைகளை நீட்டி மடக்கித் தலையின் பின்புறத்தைத் தொட முடிகிறதா? சென்ற முறை ஊருக்குப் போனபோது அப்பாவைச் செய்யச் சொன்னேன். "என்னாடி, ட்ரில் மாஸ்டர் மாதிரி?" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார். கை முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டது. மூட்டுவலிக்குப் பல காரணங்கள் உண்டு. இதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்று எக்ஸ்ரேயும் சிறுநீர்ச் சோதனையும் எடுத்தோம். எலும்பில் ஏறியதை இறக்க மருந்தில்லை, தண்ணீரை மாற்றினால் மேலும் ஏறாமல் தடுக்கலாம் என்றார் மருத்துவர்.

தண்ணீர் மாற ஆரம்பித்திருக்கிறது. அண்டை வீட்டுக்காரர்களான தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் காவிரி நீர் 2013-இல் வந்தது. ஜப்பானியக் கடனுதவியில் நடந்த அத்திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு நோய்த் தடுப்பு என்பதும் உண்டு. ஆந்திர அரசு 2014 அக்டோபர் 2-இல் இருபது லிட்டர் சுத்திகரித்த நீரை இரண்டு ரூபாய்க்குத் தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஸ்ரீசைலத்துக் கிருஷ்ணா நீர், ஹந்திரி-நீவா கால்வாயில் 700 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து குப்பத்தருகே பரமசமுத்திரம் ஏரிக்கு வந்து சேர்ந்தது. ஏரிகள் நிறைந்தால் போர்களிலும் புது நீர் ஊறும் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்.

மகனின் பல்லுக்கு, மேல்பூச்சு செய்துகொள்ள அவன் பெரியவனாகும்வரை காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவனுக்கு அதில் வெட்கம் ஏதுமில்லை. என்னைவிடக் கெட்டிக்காரன், வாயை மூடாமல் சிரிக்கிறான். இந்தக் கோடை விடுமுறைக்குப் போகிறோம். போன வாரம் அம்மா, "ஆயா கேன் தண்ணி சொல்லி வெச்சிருக்கேன்னு பேரன்கிட்ட சொல்லு. சோறு, கொழம்பு எல்லாம் அதுலதான்" என்றார். "நீங்க எதைக் குடிக்கிறீங்கம்மா?" என்று கேட்டேன். "எனக்கு எதுக்கு கேனு? போர்த் தண்ணிதான் ருசி" என்று சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி, வரும்போது என்ன வேண்டும் என்று கேட்டார். இன்னும் இரண்டு கேன் கூட எடுக்கச் சொல்லித் தம்பிக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன்.