மாதக் கடைசிச் சமையல்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

20ஆம் தேதி தாண்டிவிட்டால் பல வீடுகளில் சமையல் சுருங்கிப்போகும். ஒரு ரசம், ஒரு அப்பளம், தட்டைப் பார்த்ததும் பிள்ளைகளின் முகச்சுளிப்பு. பணத்தட்டுப்பாடு உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதைவிட அதிகமாக நம் கையைக் கட்டிப்போடுபவை, பாட்டி வழியாகவும் வாட்ஸ்அப் வழியாகவும் அடுப்படிக்குள் குடியேறிவிட்ட சில நம்பிக்கைகள்.

"ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள்"

வீண் செலவு வைப்பதில் இதற்குத்தான் முதலிடம். இலவசமாகக் கிடைக்கும் அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டு, கடையில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறோம். அரிசி களையும்போது மேலே மிதந்து வரும் அந்தச் சில மணிகள் செறிவூட்டப்பட்டவை. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் அரிசி போலவே பிழிந்து எடுக்கிறார்கள். 100 கிலோவுக்கு 1 கிலோ என்பது கலக்கும் கணக்கு. அடர்த்தி குறைவு என்பதால் மிதக்கின்றன. பிளாஸ்டிக் என்று நினைத்துப் பொறுக்கி எறிவது, அரிசியில் கூடுதலாகச் சேர்த்த சத்தைத்தான். சோற்று உருண்டையைத் தரையில் அடித்தால் துள்ளுகிறதே என்று வீடியோ போடுகிறார்கள். இறுக்கிப் பிடித்தால் கடைப் பொன்னியும் துள்ளும். மாவுச்சத்தின் குணம் அது. (செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து சேர்வதால், தலசீமியா உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளலாம்.)

வாடை வருகிறது என்பது வேறு புகார், அதில் நியாயமும் உண்டு. கிடங்கில் நாள்பட்ட அரிசிக்கு அது வரும். இரண்டு மூன்று முறை களைந்து அரை மணி ஊறவைத்தால் பெரும்பாலும் போய்விடும். அப்படியும் பிடிக்கவில்லையா? நான்கு பங்கு புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் என்று இட்லிக்கு ஊறப்போடுங்கள். புளித்த மாவில் எந்த வாடையும் தெரியாது. கூடவே, அரிசிப் புரதத்தில் குறைவாக இருப்பதை உளுந்து ஈடுகட்டிவிடுகிறது.

"சத்து வேண்டுமானால் விலை கொடுத்துத்தான் ஆக வேண்டும்"

கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு எதை எடுத்தாலும் 100 கிராமில் 20 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. துவரம்பருப்பிலும் ஏறக்குறைய அதேதான். துவரை விலை ஏறும் மாதத்தில் சாம்பாரை நிறுத்த வேண்டியதில்லை, பருப்பை மாற்றினால் போதும். வைட்டமின் சி கணக்கில் ஒரு பெருநெல்லிக்காய்க்குப் பக்கத்தில் ஆப்பிள் நிற்கவே முடியாது. வஞ்சிரம் விருந்தாளிக்கு, வீட்டுக்கு மத்தியும் நெத்திலியும் போதும். நெத்திலியை முள்ளோடு தின்பதால் கால்சியமும் சேர்கிறது. சிறுதானியம் என்றதும் சாமை, வரகு என்று ஓடுகிறோம், அவை இன்று அரிசியைவிட விலை. கேழ்வரகு அப்படியல்ல, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் வைத்துக்கொண்டு மளிகைக்கடை மூலையில் சும்மா கிடக்கிறது.

"கறி போட்டால்தான் குழம்பு மணக்கும்"

மதுரைப் பக்கம் பரோட்டாக் கடையில் பிளெய்ன் சால்னா வாங்கிச் சாப்பிட்டவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். கறிக்குழம்பு வாசனை என்று நாம் நினைப்பதில் பாதிக்கு மேல் சோம்பு, பட்டை, கிராம்பு, இஞ்சி பூண்டு. இவற்றின் மணம் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். மசாலாவைக் கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் பச்சை வாடைதான் மிச்சம். எண்ணெயில் வெங்காயம், தக்காளி சுருள வதங்கி, மசாலாவும் சேர்ந்து எண்ணெய் பிரிந்து வரும்வரை பொறுக்க வேண்டும். கசகசா விலைக்குப் பயந்து பல கடைகளில் பொட்டுக்கடலையை அரைத்துவிடுகிறார்கள். வீட்டிலும் செய்யலாம், தேங்காயும் பாதி போதும். மென்று தின்ன ஏதாவது வேண்டுமென்றால் மீல்மேக்கர்: வெந்நீரில் போட்டு, இரண்டு முறை நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். பிழியாமல் போட்டால் சோயா வாடை குழம்பையே கெடுத்துவிடும்.

"விதவிதமாகச் சமைக்க விதவிதமாக வாங்க வேண்டும்"

கொங்குப் பக்கத்து அடுப்படியைப் பாருங்கள். ஒரு டம்ளர் கொள்ளை வெறும் வாணலியில் வாசம் வர வறுத்து, இரவு ஊறப்போட்டு, காலையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு வேகவைக்கிறார்கள். வெந்த தண்ணீரை வடித்தால் ரசத்துக்கு ஆயிற்று. புளி, மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு நுரை கட்டியதும் இறக்கிவிடலாம். வெந்த கொள்ளோடு சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி, சீரகம் வதக்கிப் போட்டு ஒன்றிரண்டாகக் கடைந்தால் சோற்றில் பிசைந்து தின்னக் கொள்ளுப்பருப்பு. மீந்ததைத் தேங்காய்ச் சில்லோடு அரைத்தால் ராத்திரி தோசைக்குத் துவையல். வாங்கியது ஒரு பொருள்தான்.

காய் இல்லாத நாளுக்குப் பருப்பு உருண்டைக் குழம்பு இருக்கிறது. பீர்க்கங்காய்த் தோல் துவையலுக்கு, முள்ளங்கிக் கீரை பொரியலுக்கு, தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டுக்கு. இதையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுக் காய் விலையைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

"மொத்தமாக வாங்கினால் மிச்சம்"

மளிகைக்குச் சரி. காய்கறிக்கு இல்லை. ஐந்து கிலோ தக்காளியில் இரண்டு கிலோ அழுகிப்போனால் மலிவு எங்கே? 1999இல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இன்று பல ஊர்களில் இருக்கிறது, விலையைப் பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். வாரச்சந்தையில் பொழுது சாயும்போது கூறு கட்டி மலிவாகத் தள்ளுவார்கள். இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்கள். அதிகம் பழுத்த தக்காளி வந்துவிட்டால் அன்றே தொக்காக்கிவிடுங்கள்.

"பாமாயில் உடம்புக்கு ஆகவே ஆகாது"

இது பாதி உண்மை. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு, அதனால் அதையே மூன்று வேளையும் ஊற்றக்கூடாது. ரேஷனில் 25 ரூபாய்க்கு வரும் லிட்டரைத் தாளிப்புக்கு அளவாக வைத்துக்கொண்டு, மிச்சப்படும் காசில் கொஞ்சம் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம். எந்த எண்ணெயானாலும் வடை சுட்டு மீந்ததை வைத்து மறுபடி மறுபடி பொரிப்பதுதான் பெரிய கெடுதல். முதலில் அதை நிறுத்துங்கள்.