கண்ணாடிநார் உடலும் கரந்துறையும் துருவும்

துருவைக் கண்டறிதற்குக் கண்ணொன்றே போதுமெனப் பலர் கருதுவர். உருக்குத் தகட்டால் உடலமைந்த கார்களைப் பொறுத்தவரை அஃது ஓரளவு உண்மையே. கதவின் கீழோரத்தில் வர்ணம் கொப்புளிக்கும். சில்லின் மேல்வளைவு செந்நிறமாகி உதிரும். கண்ணாடிநாரால் உடலமைந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார்களிலோ நிலைமை வேறு. கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த அவ்வுடல் ஒருநாளும் துருப்பிடிப்பதில்லை. அதனைத் தாங்கி நிற்கும் உருக்குச் சட்டமே துருப்பிடிக்கும். பளபளக்கும் உடல் அச்சட்டத்தின் கேட்டை மறைத்துவிடுகின்றது.

தமிழாசிரியராகிய எமக்கு இரும்பில் என்ன வேலையென்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். நம் மாணவர் பலர் படிப்பை முடித்தபின் கராச்சுகளிலே தொழில் பயில்கின்றனர். அவர் கையால் சீராகும் வண்டிகள் ஓடுவது இம்மலைப் பாதைகளிலே. பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறும் வீதியிலோ, கொஸ்லந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்கும் வீதியிலோ, முன்சில்லைத் தாங்கும் சட்டம் முறியுமாயின் யாது நிகழுமென்பதை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவின் செவ்ரோலே கோர்வெட், 1953ஆம் ஆண்டு 300 வண்டிகளுடன் கண்ணாடிநார் உடலோடு வெளிவந்தது. இங்கிலாந்தின் லோட்டஸ் எலான் 1962இல் தோன்றியது. இந்தியாவிலே பெங்களூர்ச் சிபானி நிறுவனம் 1980களில் செய்த டொல்பின், ஸ்போர்ட்ஸ் கார் அன்றெனினும், கண்ணாடிநார் உடலை உருக்குச் சட்டத்தின்மேல் ஏற்றும் அதே முறையினதே. இவற்றுள் எலான் வண்டியே நமது பாடத்துக்கு மிகப் பொருத்தமானது. அதன் அடிச்சட்டம் மெல்லிய உருக்குத் தகட்டை மடித்துச் செய்த பெட்டி வடிவினது; முதுகெலும்புபோல நடுவே ஓடி, முன்னும் பின்னும் கவர்விட்டுப் பிரிவது.

இரும்பும் நீரும் ஒட்சிசனும் கூடியவிடத்துத் துரு பிறக்கும். நம்மவர் பேச்சில் அது கறள். உப்பு அதனை விரைவுபடுத்தும். ஆதலாற் கடற்கரையூரிலே நெடுநாள் நின்ற வண்டியை ஐயத்துடனேயே நோக்குதல் வேண்டும். நமது மலையிலே கடலுப்பு இல்லையெனினும் மூடுபனி உண்டு. பெட்டிச் சட்டத்தினுள் புகுந்த ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும். துரு உள்ளிருந்து வெளிநோக்கி அரிக்கும். வெளியே சிறு துளை தோன்றும்போது உள்ளே தகடு பெரிதும் மெலிந்திருக்கும். உட்பகைக்கெனத் திருவள்ளுவர் தனியே ஓரதிகாரம் வகுத்தார். இரும்பின் உட்பகை இதுவேயாம்.

இனி, ஆராயும் முறையைக் கூறுவாம்.

முதலாவது, வண்டியை உயர்த்தி உறுதியான தாங்கிகளில் நிறுத்துக. ஜாக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே புகலாகாது. சேற்றைக் கழுவியபின், அடிப்புறத்துத் தார்ப்பூச்சு எங்கே பொருமியுள்ளதெனப் பார்த்து, அவ்விடத்தைச் சுரண்டுக.

இரண்டாவது, சிறு சுத்தியலால் தட்டிக் கேட்க. நல்ல தகடு கணீரென ஒலிக்கும். நைந்த தகடு மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய ஊசியால் அழுத்துக. காந்தம் உடலின்மேற் பயன்படாது, சட்டத்தின்மேலோ பயன்படும். உருக்கு இருக்கவேண்டிய இடத்திற் காந்தம் பற்றவில்லையெனில், அங்கே யாரோ துளையைப் பசையால் நிரப்பி வர்ணம் பூசியுள்ளனரென்று கொள்க.

மூன்றாவது, நீர் வடியும் துளைகளைத் தேடுக. எலானில் முன்வில்லைத் தாங்கும் கோபுரங்களின் அடியில் அத்தகைய துளைகள் உள. மண்ணால் அவை அடைபடின் நீர் தேங்கிக் கோபுரம் அழுகும். கம்பியால் துளையைக் குத்துங்கால் செதில் செதிலாகத் துரு உதிருமாயின் உள்ளே கேடு முற்றியதென அறிக. நுண்கமராவைத் துளைவழி செலுத்தியும் உட்புறத்தைக் காணலாம். மேலும், அவ்வண்டியின் முன் குறுக்குச்சட்டமே முன்விளக்குகளை இயக்கும் வெற்றிடக் கலமுமாகும். விளக்குகள் வைத்த நிலையில் நில்லாவாயின் முதலிற் குழாய்களைச் சோதித்து, அவை நன்றாயின் சட்டத்தை ஐயுறுக.

நான்காவது, உடலிலே போல்ட்டுகள் புகும் இடங்களையும் கதவுப் பிணையல்களையும் நோக்குக. துரு இரும்பினும் மிகுந்த இடங்கொள்ளும். எனவே கண்ணாடிநாரிற் பதித்த இரும்பு துருவேறினால் அதனைச் சூழ வெடிப்புகள் தோன்றும். ஆசனங்களையும் விரிப்புகளையும் அகற்றி, ஆசனப்பட்டி பூட்டிய இடங்களையும் பார்த்தல் வேண்டும்.

இங்ஙனம் கண்ட துருவை மூவகையாகப் பிரிக்கலாம். மேற்பரப்பில் மட்டும் படிந்தது முதல்வகை. தேய்த்து வர்ணம் பூசினால் தீரும். குழிகள் விழுந்தது இரண்டாம் வகை. எஞ்சிய தடிப்பை அளந்தே முடிவு செய்தல் வேண்டும். துளைபட்டது மூன்றாம் வகை. வில், சுக்கான், ஆசனப்பட்டி ஆகியவற்றைத் தாங்கும் இடங்களில் மூன்றாம் வகைத் துரு காணின், அதன்மேல் ஒட்டுப்போடுதல் தகாது. உடலைக் கழற்றிச் சட்டத்தை மாற்றுதலே முறை. கண்ணாடிநார் தீப்பற்றுவதாதலின், உடலைக் கழற்றாது அருகில் வெல்டிங் செய்தலும் பேரிடர் தரும்.

தேயிலைத் தொழிற்சாலைகளின் தகரக்கூரை மழையிலும் பனியிலும் பல்லாண்டு நிற்பதை நாம் அறிவோம். அதன்மேற் பூசிய நாகம் தான் முன்னர் அழிந்து இரும்பைக் காக்கின்றது. லோட்டஸ் நிறுவனமும் பிற்காலத்திலே நாகம் பூசிய சட்டங்களையே வழங்கலாயிற்று. புதுச்சட்டம் வாங்குவோர் அத்தகையதையே தெரிந்தெடுத்தல் நன்று.

பணம் கொடுத்த பின்னன்று, கொடுக்குமுன்னரே இவ்வாராய்ச்சி நிகழ்தல் வேண்டும். விற்பவர் விரிப்பைத் தூக்கிப் பார்க்க இசையாராயின் அதுவும் ஒரு விடையே. வாங்கியபின் முதற் பணம் சட்டத்துக்கும், அடுத்தது தடைகளுக்கும் சுக்கானுக்கும், எஞ்சியது வர்ணத்துக்கும் செல்லுமாக. தொழில் பயிலும் நம் இளைஞர், வண்டிக்குரியவர் எத்துணை விரைவு காட்டினும், இவ்வரிசையை மாற்றாதிருப்பாராக. அவ்வண்டியில் மலையிறங்குவோரின் உயிர் அவர் சொல்லை நம்பியுள்ளது.