திரியும் பூனைகளும் நமது கடமையும்

கொல்லிமலையில் சாமை, தினை சேமிக்கும் வீடுகளில் எலிகளை அடக்கப் பூனை உதவுகிறது. ஆயினும் உரிமையாளரின்றித் திரியும் பூனைகள் பெருகினால் கோழிக்குஞ்சுகளுக்குக் கேடாகும். நஞ்சிடுதல் 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். விரட்டினாலோ, உணவு கிடைக்கும் இடத்திற்கு வேறு பூனைகள் வந்து சேரும்.

பூனை ஏறத்தாழ 65 நாள் சினையிருந்து, ஆண்டில் இருமுறைக்கு மேலும் ஈனக்கூடும். ஆகவே பெருக்கத்தைத் தடுப்பதே தக்க வழி. எஞ்சிய உணவையும் இறைச்சிக் கழிவையும் மூடி வைப்போம். குஞ்சுகளை இரவில் பஞ்சாரத்தில் அடைப்போம். பஞ்சாயத்தார் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆலோசனை பெற்று, பூனைகளைக் கூண்டில் பிடித்துக் கருத்தடை செய்வித்து, பிடித்த இடத்திலேயே விடலாம்.

கூண்டில் காட்டுப்பூனை சிக்கினால் வனத்துறைக்குத் தெரிவிப்போம். அது 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் காப்பில் உள்ளது. பூனை கடித்தால் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை அணுகுதல் வேண்டும்.