வயல் வரம்பும் பலிபீடமும்

இடம்பெயர்ந்த மக்களின் கொட்டில்களில் நாம் பலமுறை கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "விதைக்க வயல் இல்லை, பொங்க முற்றம் இல்லை, நேர்த்தி வைத்த கோயிலுக்குப் போக வழியும் இல்லை. வெறுங்கையோடு நிற்கிற நாங்கள் கடவுளுக்கு எதைக் கொடுப்பது?" 1990இல் ஓடியவர்களும் இதைக் கேட்டார்கள். 2006இல் சம்பூரிலிருந்தும் அயற்கிராமங்களிலிருந்தும் பெயர்ந்து, கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் தகரக் கொட்டில்களில் இருந்தவர்களும் கேட்டார்கள். சம்பூரில் 2015இலும் 2016இலும் காணிகள் விடுவிக்கப்பட்டன. மாவட்டத்தில் இன்னும் காணி கிடைக்காத குடும்பங்கள் உள்ளன. ஆகவே கேள்வியும் நம்மிடையே இருக்கிறது.

இதே கேள்வியோடு வாழ்ந்த ஒரு விவசாய மக்கள் பழைய இஸ்ரயேலர். அவர்களுடைய வழிபாட்டு முறைகள் விவிலியத்தின் லேவியர் நூலில் இருக்கின்றன. விவிலியத்தை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கும் பலர் அங்கே வந்ததும் மூடி வைத்துவிடுவார்கள். கொழுப்பு, இரத்தம், சாம்பல், தோல்நோய் என்று அது நீளும். ஆனால் கமக்காரருக்கு அது அந்நியமான நூல் அன்று. மாடு, ஆடு, மா, எண்ணெய், உப்பு, அறுவடை, கூலி, தராசு என்று நமக்குப் பழகிய பொருள்களே அதில் நிறைந்திருக்கின்றன. இப்பாடத்தில் அதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

புனிதமும் துடக்கும்

எபிரேய மொழியில் புனிதமானதைக் 'கதோஷ்' என்பார்கள். கடவுளுக்கென்று வேறாக எடுத்து வைக்கப்பட்டது என்பது அதன் கருத்து. நம் மூத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சூடு மிதிக்கும் களத்துக்குள் செருப்போடு போகமாட்டார்கள். நெற்குவியலைப் 'பொலி' என்று மரியாதையோடு சொல்வார்கள். அதே மண், அதே நெல். ஆனாலும் அந்த நேரத்தில் அது வேறானது.

புனிதம், பொது என்பது ஒரு சோடி. தூய்மை, தீட்டு என்பது இன்னொரு சோடி. இரண்டையும் நாம் அடிக்கடி குழப்பிக்கொள்கிறோம். நாம் துடக்கு என்று சொல்வதற்கு நெருங்கியது இஸ்ரயேலரின் தீட்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு அது உண்டு. பிணத்தைத் தொட்டவருக்கு 7 நாள் உண்டு. அது பாவம் அன்று. பிள்ளை பெறுவது ஆசீர்வாதம், இறந்தவரை அடக்குவது கடமை என்று அதே மக்கள்தான் நம்பினார்கள். தீட்டுள்ளவர் சில நாள் கூடாரத்தை அணுகாமல் இருந்து, தண்ணீரால் தூய்மை பெற்றுத் திரும்புவார். அவ்வளவுதான். வழியில் இறந்தவர்களைச் சடங்கு முழுதாகச் செய்ய முடியாமல் அவசரமாகப் புதைத்துவிட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. "முறையாக ஒன்றும் செய்யவில்லையே, குற்றம் பிடிக்குமோ" என்ற பயம் சிலருக்கு இன்றும் இருக்கிறது. அவர்களுக்காகவே இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

எண்ணிக்கை நூலின் 9ஆம் அதிகாரத்தில் ஒரு நிகழ்ச்சி உண்டு. பிணத்தைத் தொட்டதால் பாஸ்கா விழாவைக் கொண்டாட முடியாமற்போன சிலர் மோசேயிடம் வந்து, தாங்கள் மட்டும் ஏன் விலக்கப்பட வேண்டும் என்று முறையிட்டார்கள். மோசே உடனே தீர்ப்புச் சொல்லவில்லை, கடவுளிடம் கேட்டார். கிடைத்த விடை இது: இறந்தவரைத் தொட்டவர்களும், தொலைவில் பயணத்தில் இருப்பவர்களும் ஒரு மாதம் கழித்து, 2ஆம் மாதம் 14ஆம் நாள் அவ்விழாவைக் கொண்டாடலாம். சாவு வீட்டில் நிற்பவனுக்காகவும் வழியில் நிற்பவனுக்காகவும் திருநாளே தள்ளி வைக்கப்பட்டது. சட்ட நூல்களில் இவ்வளவு இரக்கமான பக்கத்தைக் காண்பது அரிது.

பலி என்பது என்ன?

பலி என்றதும் கழுத்து வெட்டுவதுதான் நம் நினைவுக்கு வருகிறது. எபிரேயச் சொல் 'கொர்பான்'. கிட்ட வருதல் என்ற வேர்ச்சொல்லிலிருந்து அது பிறந்தது. கடவுளின் அருகே கொண்டு வரப்படுவது எதுவோ, அது கொர்பான். அது ஆடாகவும் இருக்கலாம், ஒரு பிடி மாவாகவும் இருக்கலாம்.

லேவியர் நூலின் முதல் 7 அதிகாரங்களில் 5 வகைகள் வருகின்றன. எரிபலியில் விலங்கு முழுவதும் நெருப்புக்குப் போகும்; தோல் மட்டும் குருவுக்கு. கொண்டு வந்தவரே அதன் தலைமேல் கை வைத்து, அவரே அதைக் கொல்ல வேண்டும். இரத்தத்தைப் பீடத்தில் தெளிப்பதுதான் குருவின் வேலை. இரத்தம் உயிர், உயிர் கடவுளுடையது, ஆகவே அதை உண்ணக்கூடாது. உணவுப் படையலுக்கு நல்ல மா, எண்ணெய், சாம்பிராணி. புளித்த மாவும் தேனும் பீடத்தில் எரிக்கப்படமாட்டா. உப்பு மட்டும் எல்லாப் படையலுக்கும் கட்டாயம். நிலாவெளி உப்பளத்து மக்கள் இதைக் கேட்டு மகிழலாம்.

நல்லுறவுப் பலி நம் பொங்கலைப் போன்றது. கொழுப்பு பீடத்துக்கு, நெஞ்சுக்கறியும் வலது தொடையும் குருவுக்கு, மற்றதெல்லாம் கொண்டு வந்த குடும்பத்துக்கு. நன்றிக்காகக் கொடுத்ததானால் அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும். விடியும்வரை வைத்திருக்க இயலாது. ஒரு முழு ஆட்டை ஒரு குடும்பம் ஒரு நாளில் தின்று முடிக்குமா? அயலவரைக் கூப்பிடத்தான் வேண்டும். பதுக்கி வைக்க முடியாத விருந்து அது.

பாவம் போக்கும் பலியைப் பற்றிய 5ஆம் அதிகாரத்தில் ஏழைகளுக்கான ஒழுங்கு வருகிறது. ஆடு கொடுக்க வசதியில்லாதவர் இரண்டு புறாக்கள் கொடுக்கலாம். அதற்கும் வசதியில்லாதவர் ஏப்பாவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது சுமார் 2 லீற்றர் மா கொண்டு வரலாம். எண்ணெயும் வேண்டாம், சாம்பிராணியும் வேண்டாம். மன்னிப்பு மூவருக்கும் ஒன்றே. மா கொடுத்தவனுக்கு அரை மன்னிப்பு என்று எங்கும் இல்லை. பிள்ளை பெற்ற தாய்க்கும் இதே சலுகை உண்டு. மரியாவும் யோசேப்பும் குழந்தை இயேசுவோடு எருசலேம் ஆலயத்துக்கு வந்தபோது ஏழைகளின் காணிக்கையையே கொடுத்தார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

இதை வாசிக்கும்போது நமக்கு ஒரு கவலை எழுகிறது. திருவிழாச் செலவுக்காக நகை அடகு வைக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். வட்டிக்குப் பணம் எடுத்து நேர்த்தி முடிப்பவர்களும் உண்டு. அவர்களின் பக்தியைக் குறை சொல்ல நாம் யார்? ஆனால் அடகுக் கடைக்குப் போய் ஆடு வாங்கும்படி மோசேயின் சட்டம் எவரையும் கேட்கவில்லை.

12 மூடைக் கணக்கு

ஐந்தாவது வகை குற்றப்பழி நீக்கும் பலி. அயலான் நம்பி ஒப்படைத்ததை ஏமாற்றினாலோ, பறித்துக்கொண்டாலோ, காணாமற்போன பொருளைக் கண்டெடுத்து மறைத்தாலோ இந்தப் பலி வேண்டும். பீடத்துக்கு வருமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். 10 மூடை நெல் எடுத்தவன் 12 மூடை கொடுக்க வேண்டும். அதன் பிறகே ஆட்டுக்கிடாயைக் கொண்டு வரலாம். இழந்தவன் செத்துப்போய், வாங்குவதற்கு உறவினரும் இல்லையென்றால்கூடக் கடன் அழிவதில்லை. குருவிடம் செலுத்த வேண்டும் என்று எண்ணிக்கை நூல் கூறுகிறது. ஆள் இல்லாத காணியின் வேலியை மெல்ல நகர்த்துவது நம் ஊர்களில் நடவாத காரியமா? இந்தக் கணக்கை அப்படிப்பட்டவர்களுக்கு வாசித்துக் காட்டலாம்.

ஏழைக்காகப் படையல் சுருங்கிற்று, வழிப்போக்கனுக்காகத் திருநாள் காத்திருந்தது என்று பார்த்தோம். ஆனால் அயலானுக்குக் கொடுக்க வேண்டியது சுருங்கவில்லை. இதுதான் இந்நூலின் உயிர்நாடி என்று நாம் கருதுகிறோம்.

19ஆம் அதிகாரம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. கடவுள் புனிதர், ஆகவே மக்களும் புனிதராய் இருக்க வேண்டும் என்று அது தொடங்குகிறது. அப்படியானால் அடுத்து ஆலயத்தைப் பற்றியே பேசும் என்று எதிர்பார்ப்போம். பலியைப் பற்றிச் சில வரிகள் வருகின்றன. பிறகு அது நேரே வயலுக்குப் போகிறது. வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே. சிந்திய கதிரைப் பொறுக்காதே. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. கூலிக்காரனின் கூலியை விடியும்வரை வைத்திராதே. செவிடனைத் திட்டாதே, குருடன் காலில் தடுக்கும்படி எதையும் வைக்காதே. தராசும் எடைக்கல்லும் மரக்காலும் சரியாக இருக்கட்டும். உன்னிடம் வந்து தங்கும் அந்நியனை உன்னைப் போல் நேசி. புனிதம் என்பதன் விளக்கம் இவ்வளவும்தான்.

எவ்வளவு ஓரம் விட வேண்டும் என்று லேவியர் நூல் அளவு சொல்லவில்லை. பிற்காலத்து யூத ரபிகள் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையக்கூடாது என்று வகுத்தார்கள். இந்த ஓரத்தில் பிழைத்த ஒரு குடும்பத்தின் கதைதான் ரூத்து நூல். பஞ்சத்தால் பெத்லகேமை விட்டு மோவாபுக்குப் போன குடும்பம் அது. கணவனையும் இரு மகன்களையும் அங்கே இழந்த நகோமி, மோவாபு மருமகளோடு திரும்பி வந்தாள். அந்த மருமகள் ஒரே நாளில் சுமார் ஓர் ஏப்பா வாற்கோதுமை பொறுக்கினாள். அது பிச்சை அல்ல, சட்டம் அவளுக்குக் கொடுத்த பங்கு.

தராசைப் பற்றிய பேச்சும் வெறும் உபதேசம் அல்ல. யூதா நாட்டு அகழாய்வுகளில் குறி பொறித்த கல் எடைகள் நிறையக் கிடைத்துள்ளன. ஒரு ஷெகல் ஏறத்தாழ 11.3 கிராம். எடை தெரிந்தால் களவும் தெரியும். ஆமோசு இறைவாக்கினர் மந்தை மேய்த்து, காட்டத்தி மரங்களைப் பராமரித்துப் பிழைத்தவர். ஓய்வுநாள் எப்போது முடியும், மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்கிப் பதரையும் கலந்து விற்கலாம் என்று காத்திருந்த வியாபாரிகளை அவர் சாடினார். அப்படிப்பட்டவர்களின் பலிகளைக் கடவுள் வெறுக்கிறார் என்றும் கூறினார். ஈரம் என்றும் பதர் என்றும் கழிவு வெட்டி, மூடைக்கு இரண்டு கிலோ குறைத்து எழுதும் இடத்தில் நின்றவர்களுக்கு ஆமோசைப் புரிந்துகொள்ள விளக்கவுரை தேவைப்படாது.

நிலமும் ஆலயமும் போனபின்

கி.மு. 587 அளவில் பாபிலோனியப் படை எருசலேம் ஆலயத்தை எரித்தது. மக்களில் ஒரு பகுதியினர் நாடுகடத்தப்பட்டார்கள். பலிபீடம் போயிற்று, முதற்கனி கொடுக்க வயலும் போயிற்று. அவர்கள் என்ன செய்தார்கள்?

பாபிலோனிய நாட்டுப்புறத்தில் எழுதப்பட்ட களிமண் பலகைகள் சில 2014இல் நூலாக வெளியாயின. அவற்றுள் பழையது கி.மு. 572ஐச் சேர்ந்தது. நாடுகடத்தப்பட்ட யூதா மக்கள் கால்வாய் ஓரக் காணிகளில் பயிர் செய்ததையும், வாற்கோதுமையிலும் பேரீச்சம் பழத்திலும் வரி கட்டியதையும், கடன் வாங்கியதையும் அவை காட்டுகின்றன. அவர்கள் இருந்த ஓர் ஊரின் பெயர் 'அல்-யாகுது', அதாவது யூதா ஊர். விட்டு வந்த இடத்தின் பெயரையே புதிய குடியிருப்பு தாங்கியது. பிள்ளைகளுக்குத் தங்கள் கடவுளின் பெயர் கலந்த பெயர்களையும் வைத்தார்கள்.

எகிப்தின் எலெபன்டைன் தீவில் வாழ்ந்த யூதர்களுக்குச் சொந்தமாக ஓர் ஆலயம் இருந்தது. கி.மு. 410இல் அது இடிக்கப்பட்டது. மீளக் கட்ட உதவி கேட்டு மூன்று ஆண்டுகளின் பின் அவர்கள் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கிடைத்த பதிலில் உணவுப் படையலுக்கும் தூபத்துக்கும் இடம் இருந்தது; எரிபலி பற்றிப் பேச்சே இல்லை. படையல் மீண்டும் சுருங்கிற்று, வழிபாடு நின்றுவிடவில்லை.

இது திருகோணமலையாருக்குத் தெரியாத கதை அல்ல. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்துக் கோட்டை கட்டினார்கள். சிலுவை தாங்கி வந்தவர்கள்தாம் அதைச் செய்தார்கள் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. வழிபாடு தம்பலகாமத்து வயல்களின் நடுவே, ஆதிகோணநாயகரிடம் தொடர்ந்தது. 1950இல் கிணறு வெட்டியபோது பழைய திருவுருவங்கள் சில கிடைத்தன. 1963இல் மலைமேல் மீண்டும் குடமுழுக்கு நடந்தது.

லேவியர் 17 முதல் 26 வரையிலான அதிகாரங்கள் இன்றைய வடிவத்தைப் பெற்றது நாடுகடத்தலை ஒட்டிய காலத்தில் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் இதைச் சற்று எண்ணிப் பாருங்கள். வயல் ஓரத்தை விட்டு அறு, 7ஆம் ஆண்டு நிலத்துக்கு ஓய்வு கொடு, 50ஆம் ஆண்டு காணியை உரியவனிடம் திருப்பிக் கொடு என்ற சட்டங்களைப் பேணித் தொகுத்தவர்களில் பலரிடம் ஒரு வரம்புகூட இருந்திருக்காது. திரும்பிப் போனால் எப்படிப்பட்ட கமக்காரராக இருப்பது என்று அவர்கள் அகதி நிலையில் இருந்தே சிந்தித்திருக்கிறார்கள்.

26ஆம் அதிகாரம் நாடுகடத்தலைத் தண்டனையாகப் பேசுகிறது. தங்களைப் பற்றி அவர்களே அப்படிச் சொன்னார்கள். அதை எடுத்து, "உங்கள் பாவத்தால்தான் இடம்பெயர்ந்தீர்கள்" என்று நம் மக்களிடம் எவரேனும் பிரசங்கித்தால் அதை ஏற்க வேண்டாம். யோபுவிடம் அப்படிப் பேசிய நண்பர்களைக் கடவுளே கண்டித்தார்.

நிலம் கிடைத்தபின் என்ன செய்ய வேண்டும் என்பதை இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம் கூறுகிறது. முதல் விளைச்சலைக் கூடையில் வைத்துக் குருவிடம் கொடுக்க வேண்டும். அப்போது விவசாயி தன் வாயால் ஒன்று சொல்ல வேண்டும். விளைச்சலைப் பற்றி அல்ல. தன் மூதாதை அலைந்து திரிந்த அரமேயன், எகிப்தில் அந்நியனாய் ஒடுக்கப்பட்டவன் என்று தொடங்க வேண்டும். காணிக்காரனாகிவிட்ட பிறகும், ஒவ்வோர் ஆண்டும், கூடையோடு நின்று தன் அகதிக் கதையைச் சொல்ல வேண்டும். பிறகு லேவியரோடும் தன்னிடம் தங்கியுள்ள அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும்.

குழுவில் கலந்துரையாட

1. குத்தகைக்கோ சொந்தமாகவோ இந்தப் பெரும்போகம் விதைத்தவர்கள் நம் குழுவில் எத்தனை பேர்? அறுவடை இயந்திரம் வந்தபின் கதிர் பொறுக்கும் பங்கு அநேகமாக இல்லாமற்போயிற்று. அதற்கு ஈடாக விதவைகளின் குடும்பங்களுக்கு மூடைக் கணக்கில் எவ்வளவு விடலாம்?

2. காணி திரும்பியபோது பக்கத்துக் காணிக்கு ஆள் வராத இடங்கள் நம் கிராமத்தில் உண்டா? அந்த எல்லைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

3. கூடையோடு நின்று நம் குடும்பத்தின் கதையைச் சொல்வதானால் எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டிலிருந்து தொடங்குவோம்? பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.