கணினி மன்றம் தொடங்கும் ஆசிரியருக்கு

திண்டிவனம் பக்கத்து அரசுப் பள்ளியில் கணினி மன்றப் பொறுப்பேற்கும் தம்பிக்கு,

பள்ளிக் கணினி மன்றம் என்பது பாடவேளைக்கு வெளியே, மதிப்பெண் கணக்கு இல்லாமல், பிள்ளைகள் நிரல் எழுதிப் பழகும் இடம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் நிரலாக்கத்துக்கு இடம் இல்லாமல் இல்லை. 2018இல் வந்த புதிய பிளஸ் ஒன் புத்தகத்தில் சி++ இருக்கிறது. அடுத்த ஆண்டு வந்த பிளஸ் டூ புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலில் ஸ்கிராட்ச் கூட உண்டு. ஆனால் அது புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் வருகிறது. பொதுத்தேர்வுக்கான திருப்புதல் நெருக்கும் நேரத்தில் அந்தப் பாடம் ஒரு மதிப்பெண் வினாக்களாகச் சுருங்கிவிடும். மேல்நிலையில் கணினி அறிவியல் பிரிவை எடுக்காத மாணவர், தன் கையால் ஒரு நிரலும் எழுதாமலே பள்ளிப் படிப்பை முடித்துவிட முடியும். மன்றம் அடைக்க வேண்டிய பள்ளம் இதுதான்.

பிள்ளைகளுக்கு நிரலாக்கம் என்ற எண்ணம் புதிதல்ல. 1967இல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் அவருடைய தோழர்களும் உருவாக்கிய லோகோ மொழியில், பிள்ளைகள் கட்டளையிட்டால் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். அதே வழியில் வந்த ஸ்கிராட்ச் 2007இல் எம்.ஐ.டி.யிலிருந்து வெளியானது. இந்தியப் பள்ளிகளுக்கு 1984இல் ‘கிளாஸ்’ என்ற நடுவணரசுத் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் வந்தன. இயந்திரம் வந்த அளவுக்கு அதைத் தொடர்ந்து நடத்த ஆள் வரவில்லை. கேரளத்தில் 2018இல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்கள் நிலைத்ததற்குக் காரணம் தெளிவு. ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் பெயர் சொல்லிப் பொறுப்பில் இருக்கிறார்கள். மென்பொருள் எல்லாம் கட்டற்றது. எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் அதில் உறுப்பினர்கள். திண்டிவனத்துப் பள்ளியிலும் பொறுப்பு ஒருவர் தலையில் மட்டும் இருந்தால், அவர் மாறுதலாகிப் போகும் நாளில் மன்றமும் போய்விடும். கணக்கு ஆசிரியரையோ தமிழாசிரியரையோ இரண்டாவது ஆளாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. அவருக்குக் கணினி தெரியாவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைகளோடு சேர்ந்து கற்பவர் விடையைச் சொல்லிக்கொடுத்துவிட மாட்டார்.

தொடக்கத்துக்கு ஸ்கிராட்ச் போதும். அதை ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலே இயங்கும். பள்ளியின் ஹைடெக் லேபில் இணைய இணைப்பு படுத்துக்கொள்ளும் நாளிலும் வகுப்பு நிற்காது. கட்டளைக் கட்டைகளில் உள்ள மூவ், டர்ன், ரிப்பீட் போன்ற பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களைத் தமிழ்வழிப் பிள்ளைகள் இரண்டே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். விளக்கம் முழுவதும் தமிழில் இருந்தால் போதும்.

முதல் பயிற்சியாகச் சதுரம் வரையச் சொல்லலாம்: நூறு அடி நகர், 90 பாகை திரும்பு, நான்கு முறை திரும்பச் செய். அது சரியாக வந்ததும் முக்கோணம். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று கணக்குப் பாடத்தில் படித்த பிள்ளை 60 என்றே போடும். மூன்று முறை ஓடிய பிறகு திரையில் நிற்பது மூடாத உருவம். பிள்ளை எண்ணிக்கையை மாற்றிப் பார்க்கும். ஆறு ஆக்கினால் அறுகோணம் வந்து நிற்கும். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் இது. பிள்ளையை எழுந்து தரையில் நடக்கச் சொன்னால், மூலையில் உடம்பு திரும்புவது உட்கோணம் அளவுக்கு இல்லை, வெளிக்கோணம் அளவுக்கு, அதாவது 120 பாகை என்பது காலுக்கே தெரிந்துவிடும். அரை மணி நேரம் தடுமாறி 120ஐக் கண்டுபிடித்த பிள்ளைக்கு அதற்குப் பிறகு ஐங்கோணம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆசிரியர் எட்டி மவுஸைப் பிடித்துத் திருத்திக்கொடுத்தால் அந்த அரை மணி நேரத்தின் பலன் போய்விடும். மன்றம் கெடுவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்தான்.

கணினி பற்றாக்குறை பெரிய குறையல்ல. ஒரு கணினிக்கு இருவர் என்பதே சிறந்த அமைப்பு. ஒருவர் தட்டச்சு செய்ய மற்றவர் பார்த்துச் சொல்லலாம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறலாம். ஆணும் பெண்ணும் கலந்த பள்ளியில் விசைப்பலகை பையன்களிடமே தங்கிவிடுகிறதா என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் அக்காவுக்கோ அண்ணனுக்கோ கிடைத்த கணினி சில வீடுகளில் பரணில் இருக்கும். பேட்டரி செத்திருந்தாலும் சார்ஜரில் ஓடினால் போதும். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றைப் போட்டால் அதற்கு உயிர் வந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பைத்தானுக்குப் போகலாம். அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு நல்ல புதிர் காத்திருக்கிறது. ‘விழுப்புரம்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் பைத்தான் 11 என்கிறது. ‘திண்டிவனம்’ என்றால் 10. பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினால் இரண்டிலும் ஆறு எழுத்துகள்தான். யூனிகோடு முறையில் கொக்கி, சுழி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். கணினி எண்ணுவது அவற்றை. சரியான விடை வர என்ன செய்யலாம் என்று கேட்டால் ஒரு மாத வேலை கிடைத்துவிடும். அதைத் தாங்களே ஒருமுறை முயன்ற பிறகு, இதே வேலைக்கு எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பைக் காட்டலாம். அதில் பெரும்பங்கு முத்தையா அண்ணாமலையுடையது. தமிழிலேயே கட்டளை எழுதும் ‘எழில்’ மொழியை உருவாக்கியவரும் அவரே. எழிலைப் பிள்ளைகளுக்கு ஒருநாள் காட்டுவது மகிழ்ச்சி தரும்; ஆண்டு முழுவதும் அதிலேயே நிற்க வேண்டியதில்லை.

துணைக்கு ஆள் தேடிச் சென்னைக்குப் போக வேண்டாம். விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமத்து மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தந்து வருகிறது, நடத்துவோர் தன்னார்வலர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கும் ஒரு மாணவி மாதம் ஒருமுறை வந்து உட்கார்ந்தாலே பிள்ளைகளின் பார்வை மாறும். படிக்க, 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழும், அதன்வழி த. சீனிவாசன், து. நித்யா போன்றோர் எழுதி இலவசமாகக் கிடைக்கும் ‘எளிய தமிழில்’ வரிசை நூல்களும் உள்ளன.

கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு நிரல் எழுதி வரும் பிள்ளையைத் திட்டுவது வீண். கொண்டுவந்ததில் ஒரு வரியை அழித்துவிட்டு, இப்போது என்ன ஆகும் என்று கேட்டால் போதும். அதேபோல, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பெற்றோரிடம் ஐ.டி. வேலை, லட்சக்கணக்கில் சம்பளம் என்று பேசி மன்றத்துக்கு ஆள் சேர்ப்பது தனியார் கோடிங் வகுப்புகளின் வியாபாரம்; அரசுப் பள்ளிக்கு அது வேண்டாம்.

கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் மாலை டவுன் பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும். பள்ளி விட்ட பிறகு மன்றம் என்றால் பாதிப் பேர், அதிலும் பெண்பிள்ளைகள், நின்றுவிடுவார்கள். ஆகவே ஸ்கிராட்ச் நிறுவுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை, தலைமையாசிரியரைப் பார்த்துக் கால அட்டவணைக்குள்ளேயே வாரம் ஒரு பாடவேளையைக் கேட்டு வாங்குவது. இந்த வாரமே கேட்டுவிடு தம்பி.

அன்புடன்,
அண்ணன்