நிரல்நிறையும் கணிப்பொறியும்

தமிழ் இலக்கணம் பயின்றோர் நிரல்நிறை என்னும் பொருள்கோளை நன்கு அறிவர். தொல்காப்பியச் சொல்லதிகாரத்து எச்சவியலில் இடம்பெறும் இதனை நன்னூலார் எண்வகைப் பொருள்கோள்களுள் ஒன்றாக வைத்தார். சில சொற்களை முதலில் வரிசையாக நிறுத்தி, அவற்றுக்கு உரிய சொற்களைப் பின்னர் அதே வரிசையில் நிறுத்துவது நிரல்நிறை. முதலாவதோடு முதலாவதையும், இரண்டாவதோடு இரண்டாவதையும் கூட்டிப் பொருள் கொள்ள வேண்டும். இல்வாழ்க்கை அதிகாரத்தின் 45ஆம் குறளில் அன்பு பண்போடும், அறன் பயனோடும் சேர்வது இம்முறையில்தான்.

இணையப் பக்கங்களை ஆக்குவதற்குப் பயன்படும் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் இதே வேலையைச் செய்யும் செயற்கூறு ஒன்று உண்டு. தனித்தனியே இருக்கும் இரண்டு பட்டியல்களை அது ஒரே பட்டியலாக இணைத்துத் தரும். அதனைக் கையாளும் முறையையும், கையாளும்போது நேரக்கூடிய பிழைகளையும், அவற்றைத் தவிர்க்கும் வழிகளையும் இக்கட்டுரையில் காண்போம். இங்கே தமிழ் எழுத்தில் தரப்படும் செயற்கூறுப் பெயர்களை நிரல் எழுதும்போது ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும் என்பதை மாணவர்கள் நினைவில் கொள்க.

அணி என்பது யாது?

ஒரு பெயரின்கீழ் பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் அமைப்பினைக் கணிப்பொறியியலில் அணி என்பர். வகுப்பு வருகைப் பதிவேட்டில் 1, 2, 3 என எண்ணிட்டுப் பெயர்களை எழுதுவது போன்றது இது. ஆனால் கணிப்பொறி 0 என்னும் எண்ணிலிருந்து தொடங்கி எண்ணும்.

இடத்தின் எண்ணைக் கொண்டு மதிப்பை எடுப்பது ஒரு முறை. அவ்வாறன்றி, நாமே ஓர் அடையாளத்தை இட்டு, அவ்வடையாளத்தைக் கொண்டு மதிப்பை எடுப்பது மற்றொரு முறை. அந்த அடையாளத்தைத் திறவுகோல் என்கிறோம். தேர்வு எண் திறவுகோல் எனில், அதற்குரிய மதிப்பெண் மதிப்பு ஆகும். அகராதியில் சொல் திறவுகோல், பொருள் மதிப்பு. பி.எச்.பி. மொழியில் இவ்விரு வகைக்கும் ஒரே அமைப்புத்தான் பயன்படுகிறது. அதில் திறவுகோல் முழு எண்ணாகவோ எழுத்துச் சரமாகவோ இருக்கலாம். எந்த வரிசையில் இடுகிறோமோ அந்த வரிசையும் மாறாமல் காக்கப்படும்.

இணைக்கும் முறை

பி.எச்.பி. மொழிக்கு அடித்தளம் இட்டவர் ராஸ்மஸ் லெர்டார்ஃப். 1994இல் தம் சொந்த இணையப் பக்கத்தின் தேவைக்காக அவர் எழுதிய சிறு நிரல்கள் 1995இல் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்டன. பின்னர்ப் பலரது உழைப்பால் அது முழு மொழியாக வளர்ந்தது. 2004இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் அரே_கம்பைன் என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர், ஒவ்வோர் இடமாகச் சென்று இணைக்கும் சுழற்சியை நிரல் எழுதுவோர் தாமே எழுதிக்கொண்டனர்.

ஐந்து மாணவர்களின் தேர்வு எண்களும் மதிப்பெண்களும் தனித்தனியே உள்ளன என்று கொள்வோம்.

$எண்கள் = [101, 102, 103, 104, 105];
$மதிப்பெண்கள் = [62, 48, 75, 39, 81];
$பட்டியல் = அரே_கம்பைன்($எண்கள், $மதிப்பெண்கள்);

மூன்றாவது வரி முடிந்ததும் 101க்கு 62, 102க்கு 48, 103க்கு 75, 104க்கு 39, 105க்கு 81 என்ற இணைப்பு உண்டாகிவிடும். இனி, $பட்டியல்[103] என்று கேட்டால் 75 என்று விடை வரும்.

இதனால் வரும் பயன் யாது? பட்டியல்கள் தனித்தனியே இருந்தால், ஒருவருடைய மதிப்பெண்ணை அறிய முதற்பட்டியலில் அவருடைய எண்ணைத் தேடி, அது எத்தனையாவது இடம் என்று கண்டு, இரண்டாம் பட்டியலில் அதே இடத்துக்குச் செல்ல வேண்டும். ஆயிரம் பேர் இருந்தால் சராசரியாக 500 ஒப்பீடுகள் தேவைப்படும். இணைத்த அணியிலோ, திறவுகோலிலிருந்தே மதிப்பு உள்ள இடம் ஒரு கணக்கீட்டினால் அறியப்படுகிறது. ஆகவே, பட்டியல் பெருகினாலும் தேடும் நேரம் பெரும்பாலும் பெருகுவதில்லை. நிரலைப் படிப்பவர்க்கும் எது எதற்கு உரியது என்பது தெளிவாக விளங்கும்.

முதற்பிழை: எண்ணிக்கை வேறுபாடு

மேற்கண்ட எடுத்துக்காட்டில், 102ஆம் எண்ணுக்கு உரியவர் தேர்வுக்கு வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மதிப்பெண்களைத் தட்டச்சு செய்தவர் அவரை விட்டுவிட்டு 62, 75, 39, 81 என நான்கை மட்டும் பதிந்துள்ளார். திறவுகோல்கள் ஐந்து, மதிப்புகள் நான்கு. இவற்றை இணைக்கச் சொன்னால், 2020இல் வெளிவந்த எட்டாம் பதிப்பு முதல், பி.எச்.பி. பிழை என அறிவித்து வேலையை நிறுத்திவிடும். அதற்கு முந்தைய பதிப்புகளில் ஓர் எச்சரிக்கை தோன்றும். அணிக்குப் பதிலாகப் பொய் என்னும் மதிப்பு திரும்பி வரும்.

வேலை நின்றுவிட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. இந்த அறிவிப்பு நமக்கு நன்மையே செய்கிறது. அதனை எப்படியேனும் அடக்கிவிட வேண்டும் என்று, பட்டியலின் இறுதியில் ஒரு 0 சேர்ப்பாரும் உளர். அதன் விளைவைப் பாருங்கள். எண்ணிக்கை ஐந்தாகிவிட்டது, கணிப்பொறி எதிர்ப்பின்றி இணைத்துவிட்டது. தேர்வுக்கே வராத 102க்கு 75 கிடைத்துவிட்டது. அந்த 75க்கு உரியவரான 103க்கு 39 என்று பதிவாகிறது. தேர்ச்சிக்கு 40 வேண்டும் எனில், அவர் தோல்வி அடைந்தவர் ஆகிறார். உண்மையில் 39 பெற்ற 104, 81 பெற்றுச் சிறப்புடன் தேறுகிறார். 81 பெற்ற 105க்குக் கிடைத்தது 0. ஓர் இடம் தவறியதால் நால்வருடைய முடிவுகள் மாறிவிட்டன. திரையில் ஒரு பிழைச்செய்தியும் இல்லை.

ஆதலின், வராதவர்க்கும் பட்டியலில் இடம் உண்டு என்பதே முதல் விதி. அவ்விடத்தில் 'வரவில்லை' என்றோ, வெறுமையைக் குறிக்கும் நல் என்னும் மதிப்பையோ இட வேண்டும். இடத்தை நீக்குதல் கூடாது.

இரண்டாம் பிழை: வரிசை மாற்றம்

அரே_கம்பைன் பார்ப்பது வரிசை ஒன்றையே. பொருளை அது பார்ப்பதில்லை. இங்கேதான் மனிதர் படிப்பதற்கும் பொறி படிப்பதற்கும் உள்ள வேறுபாடு விளங்குகிறது. கல்லாமை அதிகாரத்தின் 410ஆம் குறளை எடுத்துக்கொள்வோம். அதில் முதல் வரிசை விலங்கு, மக்கள் என்பது. அடுத்த வரிசை கற்றார், கல்லாதார் என்பது. நேர் வரிசையில் கூட்டினால் கற்றவர் விலங்காகிவிடுவர்! படிப்பவர் பொருளை நோக்கி, வரிசையைத் திருப்பிக் கூட்டிக்கொள்கிறார். இதனை எதிர்நிரல்நிறை என்பர். கணிப்பொறிக்கு எதிர்நிரல்நிறை தெரியாது. கற்றவரை விலங்கோடு சேர்க்கச் சொன்னால் அது தயங்காமல் சேர்த்துவிடும்.

முதல் மதிப்பெண் பெற்றவரைக் காண வேண்டும் என்று மதிப்பெண் பட்டியலை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கிவிட்டுப் பின்னர் இணைப்பது பலரும் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் 101 எப்போதும் முதலிடம் பெறுவார். முதலில் இணைக்க வேண்டும். அதன் பின்னரே அடுக்க வேண்டும். அடுக்குவதற்கு ஏ.ஆர்.சார்ட் என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்தினால், மதிப்புகள் இறங்குவரிசையில் அமையும். ஒவ்வொரு மதிப்பும் தன் திறவுகோலைவிட்டுப் பிரியாது.

மூன்றாம் பிழை: திறவுகோல் ஒன்றுபடுதல்

தேர்வு எண்ணுக்குப் பதிலாகப் பெயரைத் திறவுகோலாகக் கொண்டால் என்ன நேரும்? ஒரே வகுப்பில் இரண்டு முருகன்கள் இருப்பது அரிதன்று. ஓர் அணியில் ஒரு திறவுகோல் ஒரு முறையே இருக்க இயலும். ஆகவே, இரண்டாம் முருகனின் மதிப்பெண் முதல் முருகனின் மதிப்பெண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் அமரும். பட்டியல்கள் இரண்டும் ஒரே நீளம் உடையவை ஆதலால் பிழைச்செய்தி வாராது. ஐம்பது பேர் இருந்த வகுப்பு நாற்பத்தொன்பது பேராகிவிடும்.

இதனைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இணைத்து முடித்த அணியின் எண்ணிக்கையைத் திறவுகோல் பட்டியலின் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் ஏதோ ஒரு திறவுகோல் இரு முறை வந்துள்ளது என்று பொருள்.

எண் வடிவிலும் விழிப்பு வேண்டும். '101' என்று மேற்கோள் குறிக்குள் இட்டாலும் பி.எச்.பி. அதனை 101 என்னும் முழு எண்ணாகவே கொள்ளும். ஆனால் '0101' என்று முன்னே சுழியம் இட்டால் அது எழுத்துச் சரமாகவே நிற்கும். இரண்டும் வெவ்வேறு திறவுகோல்கள். ஓர் அலுவலர் சுழியத்துடனும் மற்றொருவர் சுழியமின்றியும் பதிந்தால், ஒருவர் வைத்ததை மற்றவர் எடுக்க இயலாது.

இரு பிரிவுகளின் பட்டியல்களைச் சேர்க்கும்போது மற்றொரு சிக்கல் எழும். அரே_மெர்ஜ் என்னும் செயற்கூறு, முழு எண் திறவுகோல்களை நீக்கிவிட்டு 0, 1, 2 எனப் புதிதாக எண்ணிடும். தேர்வு எண்கள் அனைத்தும் மறைந்துபோகும். இவ்விடத்தில் + என்னும் கூட்டல் குறியைப் பயன்படுத்தினால் திறவுகோல்கள் மாறா. ஒரே திறவுகோல் இரு பட்டியலிலும் இருப்பின், முதற்பட்டியலில் உள்ள மதிப்பே நிலைபெறும்.

படிவத்தில் மறையும் இடங்கள்

இணையப் படிவங்களிலிருந்து தகவல் பெறும்போது வேறொரு வகையில் இடங்கள் மறைகின்றன. வருகையைப் பதியும் படிவம் ஒன்றில் ஐந்து மாணவர்களின் எண்களும், ஒவ்வொன்றின் அருகே குறியிடும் கட்டமும் உள்ளன. வந்தவர்க்கு மட்டும் குறியிட வேண்டும். மூவருக்குக் குறியிட்டு அனுப்பினால், வழங்கிக்கு வந்து சேர்வன ஐந்து எண்களும் மூன்று குறிகளும் ஆகும். குறியிடாத கட்டத்தைப் பற்றி உலாவி எதுவும் அனுப்புவதில்லை. இது படிவ முறையின் விதி. அந்த மூன்று குறிகளும் யாருக்கு உரியவை என்று இனி எவராலும் கூற இயலாது.

கட்டங்களுக்கு 'வருகை[]' என்று பொதுவாகப் பெயரிட்டதே இதற்குக் காரணம். 'வருகை[101]', 'வருகை[102]' எனத் திறவுகோலைப் பெயரிலேயே எழுதியிருந்தால், வந்து சேரும் ஒவ்வொரு குறியும் தனக்கு உரியவரின் எண்ணைத் தாங்கி வரும். வாராத எண் வருகை தராதவருடையது. பின்னர் இணைக்க வேண்டிய தேவையே எழாது.

இதிலிருந்து ஒரு பொதுவிதி புலனாகிறது. சேர்ந்தே பிறந்த தகவல்களைப் பிரிக்காமல் வைப்பதே சிறந்தது. எண், பெயர், மதிப்பெண் மூன்றையும் ஒருவருக்கு ஒரு வரியாக வைத்துக்கொண்டால், வேண்டும்போது அரே_காலம் என்னும் செயற்கூற்றைக் கொண்டு எண்ணைத் திறவுகோலாகவும் மதிப்பெண்ணை மதிப்பாகவும் பிரித்தெடுக்கலாம். 2013இல் வந்த 5.5ஆம் பதிப்பு முதல் இவ்வசதி உள்ளது. பட்டியல்கள் நம் கைக்கு வரும்போதே பிரிந்து வந்தால் மட்டும் அரே_கம்பைனை நாடலாம்.

கொள்ள வேண்டிய விதிகள்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்து மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ளலாம்.

1. இணைக்கும் முன் இரு பட்டியல்களின் எண்ணிக்கையும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். வேறுபட்டால் காரணத்தைக் கண்டறிய வேண்டும். இறுதியில் எதையேனும் சேர்த்துச் சரிக்கட்டக் கூடாது.

2. மதிப்பு இல்லாதவர்க்கும் இடம் விட வேண்டும்.

3. ஒரு பட்டியலை மட்டும் அடுக்குவதோ அதிலிருந்து நீக்குவதோ கூடாது. இணைத்த பின்னரே அவற்றைச் செய்ய வேண்டும்.

4. ஒருவருக்கு ஒன்றாக அமையும் அடையாளத்தையே திறவுகோலாகக் கொள்ள வேண்டும். இணைத்த பின் எண்ணிக்கையை மீண்டும் பார்க்க வேண்டும்.

5. முதல், இடை, கடை என மூன்று இடங்களிலேனும் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். இறுதி இணை சரியாக இருந்தால், நடுவில் எங்கோ ஓரிடம் தவறிப் பட்டியல் முழுவதும் நகர்ந்துவிடவில்லை என்று பெரும்பாலும் நம்பலாம்.

இவற்றைச் செய்ய ஐந்து நிமிடம் கூட ஆகாது. ஆனால் 103ஆம் எண்ணுக்கு உரியவர் தம் தேர்ச்சியை இழக்காமல் இருப்பது அந்த ஐந்து நிமிடத்தைப் பொறுத்தது. வரிசையை இணைப்பது பொறியின் வேலை; வரிசை சரியா என்று பார்ப்பது நம் கடமை. நாளை அலுவலகங்களிலும் நிறுவனங்களிலும் பிறருடைய பட்டியல்களைக் கையாளப்போகும் மாணவர்கள் இப்பழக்கத்தை இன்றே கைக்கொள்வார்களாக.