பச்சைப் பிள்ளையின் மார்பைப் பிதுக்காதீர்கள்

காலை நீட்டி உட்கார்ந்து, பேரப்பிள்ளையைக் கால்மேல் கிடத்தி எண்ணெய் தேய்க்கிறார் பாட்டி. மார்பருகே வந்ததும் அவர் விரல் நிற்கிறது. "பாலு கட்டியிருக்கு, பிதுக்கி எடுத்துடணும்." பிறந்து பத்து நாள்கூட ஆகாத பிள்ளை வீறிடுகிறது. காம்பில் வெள்ளையாக ஒரு துளி எட்டிப் பார்க்கிறது. தான் சொன்னது சரிதான் என்று பாட்டிக்கு நிம்மதி.

பாட்டி கண்டது பொய்யில்லை, பால் போன்ற திரவம்தான் அது. கருவில் இருக்கும்போது தாயின் ஈஸ்ட்ரோஜன் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் வந்து சேர்கிறது. அதனால்தான் ஆண், பெண் என்ற வேறுபாடில்லாமல் பல குழந்தைகளுக்குப் பிறந்த சில நாட்களில் மார்பு புடைக்கிறது. தொடாமல் விட்டால் சில வாரங்களில், சிலருக்குச் சில மாதங்களில், தானே வற்றிவிடும்.

ஆனால் பிதுக்கப் பிதுக்கச் சுரப்பு தூண்டப்படும், வீக்கமும் வடியாது. நசுங்கிய இடத்தில் கிருமி புகுந்து சீழ் கட்டலாம். பிறகு கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். காம்புக்கு அடியில் இருப்பது ஒரு சின்ன மொட்டு. பெண் பிள்ளைக்குப் பின்னாளில் முழு மார்பும் அதிலிருந்துதான் வளர வேண்டும். பத்து நாளில் பட்ட காயம் அவள் வயதுக்கு வரும்போது ஒரு பக்கம் வளராத குறையாக வெளிப்படலாம். அந்த இடம் சிவந்தாலோ சுட்டாலோ, குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

அதே மொட்டு பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் மறுபடி விழிக்கிறது. பெரும்பாலும் ஒரு பக்கம் முந்திக்கொள்ளும். காம்புக்கு அடியில் சட்டைப் பித்தான் அளவுக்குக் கெட்டியாக, தொட்டால் வலியோடு இருக்கும். 'கட்டி' என்று வீடே கலங்கிப்போகும். சில மாதங்களில் மறுபக்கமும் தொடங்கிவிடும். 8 வயதுக்கு முன்பே தொடங்கினால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். பருவ வயதில் ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கும் மார்பு லேசாகப் புடைக்கும், ஓரிரு ஆண்டுகளில் அடங்கிவிடும். அதுவரை அவனைக் கேலி செய்யாமல் இருந்தாலே போதும்.

இன்னொரு பேச்சு பிரசவ வீட்டில் காதில் விழும்: "சின்ன மார்பு, பால் பத்தாது." எனக்கு மிகவும் கோபம் வரும் வாக்கியம் இது. மார்பின் பருமனைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கொழுப்பு. பால் சுரப்பதோ உள்ளே 15 முதல் 20 மடல்களாகப் பிரிந்திருக்கும் சுரப்பித் திசு. குழந்தை சப்பி மார்பு காலியாகக் காலியாக அது மேலும் சுரக்கும். அந்தப் பேச்சை நம்பிப் புட்டிப்பால் கொடுத்தால் குழந்தை சப்புவது குறையும்; அப்போதுதான் பால் உண்மையிலேயே குறையத் தொடங்கும். அளவு பார்க்க வேண்டியது மார்பை அல்ல, ஈரத்துணியை. முதல் வாரம் கழிந்த பிறகு நாளுக்கு ஆறு தடவையாவது துணி நனைந்து, எடையும் ஏறினால் அந்தக் குழந்தைக்குப் பால் போதுகிறது.